தலைக்கு மேல் ஒரு பந்தி

இந்தக் கூடத்தைக் கட்டிக் கொடுத்த மரவணிகர் சங்கத் தலைவர் அவர்களே, என்னைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமனாகவும் இருப்பதால் எனக்கு இருமடங்கு அச்சம் தருபவரே, அறுப்புப் பட்டறைகளில் தலை நரைத்த பெரியோர்களே, மடியில் மழலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நம் தலைக்கு மேலுள்ள உத்திரம் உள்ளே உளுத்துவிட்டது. பதறாதீர்கள், வாசல் ஒன்றுதான். குழந்தைகளோடு தாய்மார்கள் முதலில் செல்லுங்கள். பிறகு பின்வரிசை. அதுவரை பேசுகிறேன்.

ஒரு பிடி மரத்தூளை நாம் விழுங்கினால் என்ன ஆகும்? வயிறு வலிக்கும். வண்டின் புழு விழுங்கினால்? அதன் குடலில் ஊறும் நொதி, என்சைம் என்கிறோமே அதுதான், மரத்தின் நாரை உடைத்துச் சர்க்கரை ஆக்குகிறது. கட்டைதான் அதற்குக் கற்கண்டு. ஆண்டுக்கணக்கில் தின்னும், அவசரமே இல்லை. மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும்.

அடுத்த வரிசை எழுந்திருங்கள். மெதுவாக, ஐயா.

என் பூச்சி ஆய்வகத்துக்கு ஒரு தம்பதி கட்டில்கால் கொண்டுவந்தார்கள். அதுவரை இரவில் கேட்ட கறகறச் சத்தத்துக்கு ஒருவரையொருவர் குறை சொல்லியிருக்கிறார்கள். "நீதான் பல்லக் கடிக்கிறே"ன்னு அவர். "நீங்கதான்"னு அந்த அம்மா. ஒரு மதியம் இருவரும் விழித்தபடி படுத்திருந்தார்கள். சத்தம் அப்போதும் கேட்டது, கட்டில்காலுக்குள்ளிருந்து.

சிரிக்கிறீர்கள். சிரிப்பு அடங்கியதும் கேளுங்கள். மின்விசிறி அல்ல, அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். கூடம் காலியாகக் காலியாக அது தெளிவாகிறது. மெல்கிறது, மெல்கிறது, மென்றுகொண்டே இருக்கிறது. காலையில் ஏணி வைத்து ஏறி விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போயிற்று. பெயின்ட் இருந்தது, மரம் இல்லை.

தலைவரிடம் ஓடினேன். "பளபளன்னு இருக்கிற உத்திரம்மா அது. நானே பாத்து வாங்கினது. எல்லார் முன்னாடியும் மானத்த வாங்காதே" என்றார். மாமா, பளபளப்பு உங்களுடையது. உள்ளே நடக்கும் பந்தி எவருடையது? உங்களை யார் குறை சொல்வார்கள்? விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது, வயிற்றுக்கு மட்டுமே தெரிந்த வேலை அது.

முன்வரிசைப் பெரியோர்களே, நீங்களும் கிளம்பலாம். கைதட்ட வேண்டாம். இந்தக் கூடம் அதைத் தாங்காது. தட்ட எடுத்த கைகளை அப்படியே கூப்பிவிடுங்கள், போதும்.

பொறுமையாகக் கேட்டு, பொறுமையாக வெளியேறிய அனைவருக்கும் என் நன்றி, வணக்கம்.

நீங்க அந்த நாற்காலிய விட்டு எழுந்திருக்கிற வரைக்கும் நானும் மேடைய விட்டு எறங்கமாட்டேன், மாமா.