பிராங்கிளின் அண்ணனின் உண்ணாவிரதம்

பிறருக்குச் சாப்பாடு போடுவதில் எனக்கு எப்போதும் பிரியம் உண்டு, சார். சங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வாயிற்கூட்டமோ ஊர்வலமோ, ராமசெல்வி அக்கா கிச்சடி கொண்டுவந்தால்தான் எங்கள் ஆட்களுக்கு அது கூட்டம். அதனால்தான் பந்தலில் பிராங்கிளின் அண்ணனுக்குத் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பையும் என்னிடம் விட்டார்கள்.

அவர் தலைவர், நான் செயலாளர். எண்ணூர்ப் பக்கம் ஓர் அரசுப் பணிமனையில் அவருக்கு கிரேன், எனக்கு ஸ்டோர். இருவரும் பழைய பென்ஷனை நிறுத்திய பிறகு சேர்ந்தவர்கள். எங்களோடு இருந்த சுடலைராஜ் பென்ஷன் இல்லாமல் ஓய்வு பெற்று, இப்போது மூலக்கொத்தளத்தில் ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு நிற்கிறார். எங்களுக்கும் அதுதான் காத்திருந்தது. சம்பளம், பென்ஷன், இரண்டையும் பேச எங்களைக் கூப்பிடுங்கள் என்றோம். அங்கீகாரமில்லாத சங்கம் என்று வருடக்கணக்காக வெளியிலேயே நிறுத்தினார்கள். கடைசியில் அண்ணன் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்.

சாகும்வரை என்று பேனரில் போடுவோமே தவிர, யாரும் சாவதில்லை. தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுப்போம். பந்தலில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டார்கள். அவர் மனைவி ஜெஸ்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயே கலந்து குடுக்கா. நான் பக்கத்துல இருந்தா சோத்தையே பெசஞ்சு ஊட்டி வுட்டுருவேன்" என்றாள். இருவரும் சிரித்தோம். அவளைத் தங்கையாகத்தான் நினைக்கிறேன், இப்போதும்.

நான்கைந்து நாள் நிர்வாகத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. காவலுக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர்தான், "இன்னா தலைவரே, பட்டினி கெடந்தே தொப்பை வெச்சுகினு கீற?" என்றார். பந்தலே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாடகம் என்று ஊர் நினைத்தால் எங்களை யார் கூப்பிடுவார்கள்? அன்றிலிருந்து வெறும் தண்ணீரைக் கொடுத்தேன்.

"இன்னா செல்வி, தண்ணி சப்புனு கீது?"

"பட்டினியில நாக்கு செத்துப்போச்சுண்ணே. கலந்துதான் குடுக்குறேன்."

நம்பினார். என்னை நம்பாமல் வேறு யாரை நம்புவார்?

பிறகு அவர் முகம் ஒடுங்கியது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். மருத்துவர் நாடி பார்த்துவிட்டு, இதயத் துடிப்பு சரியில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். நான் பேசிச் சம்மதிக்க வைக்கிறேன் என்று அவரை அனுப்பிவைத்தேன். அண்ணன் என் முந்தானையைப் பிடித்தார்.

"முடில செல்வி. ஜெஸ்லினாண்ட சொல்லு. வூட்டுக்குப் போலாம்."

அவர் நெற்றியைத் துடைத்துவிட்டேன். "பேச்சுவார்த்தைக்குக் கூப்புடப் போறாங்கண்ணே. கொஞ்சம் பொறுங்க."

நீங்கள் கேட்ட அந்த போன் அழைப்புக்கு வருகிறேன், சார். அன்று மதியமே நிர்வாகம் கூப்பிட்டுவிட்டது. சம்பளத்தைப் பற்றி மட்டும் பேசத் தயார், பென்ஷன் கிடையாது, உண்ணாவிரதத்தை முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருடம் மூடியிருந்த கதவு பாதி திறந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தள்ளினால் மீதியும் திறக்கும் என்று பட்டது. பேரம் பேசத் தெரிந்தவர்கள் முதல் விலைக்குத் தலையாட்டுவதில்லை.

மறுநாள் காலை தண்ணீர் கொடுக்க எழுப்பினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

காசிமேட்டில் அடக்கம் முடிந்த பிறகு நிர்வாகம் மறுபடி அழைத்தது. அவருக்குப் பதில் நான் போய் உட்கார்ந்தேன். அதே பேச்சு, சம்பளம் மட்டும். மிகவும் களைத்துப்போயிருந்தேன், சார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜெஸ்லினுக்கு மாதாமாதம் வருவதற்கு இப்போது ஒன்றுமில்லை. "கடைசியா எதுனா கேட்டாராக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

உப்பை நிறுத்தியது நான்தான். அழைப்பை மறைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், மறுக்க மாட்டேன். ஆனால் இன்னும் ஒரே ஒரு பகல் அவர் தாங்கியிருந்தால் பென்ஷனும் வந்திருக்கும். அதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை.