பாடகியின் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர்

இந்த அறையில் ஏசி கொஞ்சம் அதிகம், மக்தூம் பாய். குறைக்க முடியுமானால் சொல்லுங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் நிதானமாகவே பேசுகிறேன். நான் தமிழில் சொல்வதை நீங்கள் இந்தப் போலீஸ் அதிகாரிக்கு அரபியில் சொல்ல வேண்டும், அவசரப்பட்டால் ஏதாவது விட்டுப்போகும். மனாமாவில் கடையை அடைத்துவிட்டு இதற்காக வந்திருக்கிறீர்கள். உங்கள் கடையில் என் மனைவியின் கேசட்டுகள்தான் முன்வரிசையில் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்காக எதையும் மழுப்பிச் சொல்ல வேண்டாம்.

என் பெயர் பத்மநாபன். தொலைபேசிக் கம்பெனியில் இன்ஜினீயர், வீடு ஈசா டவுனில். மனைவி வசந்தகுமாரி. அவள் யார் என்று அதிகாரிக்குத் தெரிந்திருக்காது. ஒரு படத்தில் குருட்டுப் பையன் ஒருவன் ரயிலில் பாடுவான், அவனுக்குக் குரல் கொடுத்துத்தான் அவள் சினிமாவுக்கு வந்தாள். அப்போது அவளுக்குப் பாவாடை தாவணி வயது. அதற்குப் பிறகு தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்தக் கதாநாயகி வாயைத் திறந்தாலும் வெளியே வந்தது இவள் குரல்தான். விருதுகள் வைக்க எங்கள் ஹாலில் தனி அலமாரி இருக்கிறது. தூசி தட்டுவது நான்.

அந்தத் தொழில் எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் நான் செய்தது புரியும். ஒரு பெரிய ஹாலில் நாற்பது பேர் வயலினும் தபேலாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் பாடகி, காதில் ஹெட்போன். எல்லாம் ஒரே நேரத்தில் பதிவாகும். கடைசி வரியில் பாடகி பிசகினாலும் நாற்பது பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வசந்தா பிசகியதில்லை. தன்னால் ஒரு வயதான வயலின்காரர் மறுபடி வில்லை எடுக்கும்படி ஆனால் அந்த வெட்கத்திலேயே செத்துப்போவேன் என்பாள். அது பெருமைப் பேச்சு அல்ல, அவள் சுபாவமே அப்படி.

நான் பஹ்ரைன் வந்த பிறகு அவள் இங்கே ஒரு மாதம், மெட்ராஸில் இரண்டு மாதம் என்று பறந்துகொண்டிருந்தாள். மகள் ராதா என்னோடு இருந்தாள். அம்மா எங்கே என்று யாராவது கேட்டால், "மம்மி இஸ் இன் த ரேடியோ" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மனாமா துணிக்கடைகளில் வசந்தாவுக்கு நாற்காலி போடுவார்கள், ஜூஸ் வரும். என்னைப் பார்த்து, "சார், இந்தப் பைய நீங்க கொஞ்சம் புடிச்சுக்குங்க" என்பார்கள். பிடித்துக்கொள்வேன். தமிழ்ச் சங்கத்தில் என் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. பாட்டுக்காரம்மா வீட்டுக்காரர், அவ்வளவுதான். எனக்கு எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் வெறும் எரிச்சலுக்காக நான் எதையும் செய்கிறவன் அல்ல. குடும்பத்துக்காகத்தான் செய்தேன்.

போன வருஷம் ஒருநாள் ராதாவுக்குத் தலை பின்னிக்கொண்டே வசந்தா சொன்னாள்: "ஏங்க, இங்கயும் அங்கயும் அலைஞ்சு முடியலங்க. ராதாவ மெட்ராஸ்லயே ஸ்கூல்ல சேத்துடலாம். நானும் அங்கயே இருந்துடறேன். நீங்க லீவுக்கு வந்துட்டுப் போங்க."

லீவுக்கு வந்துபோகிற புருஷன். கேம்பில் எட்டுப் பேரோடு ஒரே அறையில் படுக்கிற தொழிலாளிக்கு அந்தக் கதி. நான் குடும்ப விசா வாங்கியவன், பாய். யோசிக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த மாதம் சங்கத்தில் அவள் கச்சேரி. மேடைக் கச்சேரிகளில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் நான்தான் உட்காருவேன், வேறு ஆளிடம் விட அவளுக்குப் பயம். பெரிய ஸ்பீக்கர்கள் ஜனங்களைப் பார்த்து இருக்கும். ஒரே ஒரு சின்ன ஸ்பீக்கர் பாடகியின் பக்கம் திரும்பி இருக்கும், அவள் குரல் அவளுக்குக் கேட்பதற்காக. அன்று பாதிக் கச்சேரியில் அதை லேசாகக் குறைத்தேன். அவள் விரலை மேலே உயர்த்திக் காட்டினாள், கூட்டச் சொல்லி. நான் தலையாட்டிவிட்டு இன்னும் குறைத்தேன். தன் குரல் கேட்காவிட்டால் யாராக இருந்தாலும் கத்திப் பாடுவார்கள். அவளும் கத்தினாள், சுருதி விலகியது. முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளைத் திரும்பிப் பார்த்ததை வசந்தா கவனித்துவிட்டாள்.

காரில் கேட்டாள்: "சின்ன ஸ்பீக்கர் வேலை செய்யலயா?"

"ஃபுல்லா வச்சிருந்தேம்மா. எனக்கே காது வலிச்சுது."

ஈசா டவுன் வந்து சேரும்வரை அவள் ஒரு காதைப் பொத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். பிறகு துபாயிலும் அப்படியே செய்தேன். அங்கே ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிப்பது போல உள்ளே போய் அழுதாள்.

வீட்டில் வேலை இன்னும் சுலபம். போனுக்கு அடியில் மணியின் சத்தத்தைக் குறைக்க ஒரு சக்கரம் உண்டு. அதை இறக்கி வைத்தேன். அவள் சமையலறையில் இருக்கும்போது மெட்ராஸிலிருந்து ரெக்கார்டிங்குக்குக் கூப்பிடுவார்கள், மணி ஈ முனகுகிற மாதிரி அடித்து ஓயும். நான் வந்து, "இவ்ளோ நேரம் அடிச்சுதே, எடுக்கலயா?" என்பேன். அவள் திரும்பி நிற்கும்போது மெதுவாகப் பேசிவிட்டு, மூன்றாம் முறை சலிப்போடு உரக்கச் சொல்வேன். ராதாவிடம் இது ஒரு விளையாட்டு என்றேன். அம்மாவிடம் பேசும்போது உதட்டை மட்டும் அசைக்க வேண்டும். குழந்தை நன்றாகச் செய்தாள்.

நான் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, இதை அதிகாரியிடம் அழுத்திச் சொல்லுங்கள். தன்னால் நாற்பது பேர் காத்துக் கிடக்கக் கூடாது என்று அவளே விலகிக்கொண்டாள். உடம்பு சரியில்லை என்று மெட்ராஸுக்குச் சொல்லி அனுப்பினாள். அவளுக்கு வைத்திருந்த பாட்டுகள் வேறு பெண்களுக்குப் போயின. சில நாள் டம்ளரைக் கரண்டியால் தட்டிக் காதருகே கொண்டுபோவாள். நான் பார்ப்பது தெரிந்தால் கீழே வைத்துவிடுவாள். ஆனாலும் அந்த மாதங்கள்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம். எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்தாள். நான் சங்கத்துக்குப் போனால் வாசலில் நின்று, "சீக்கிரம் வந்துடுவீங்கல்ல?" என்பாள். சந்தோஷமாக இருந்தேன், பாய். வேறென்ன சொல்ல.

சங்கத்தில் ஷியாமளா என்று ஒரு பெண். மெட்ராஸில் தனக்குத் தெரிந்த பெரிய காது டாக்டர் இருக்கிறார், ஒரு தடவை காட்டிவிடு என்று வசந்தாவை விடாமல் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தெரிவதற்குள் டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. சனிக்கிழமை பிளேன். அந்த டாக்டர் ஹெட்போனை மாட்டிச் சோதிப்பார், காதில் ஒரு குறையும் இல்லை என்பார். வசந்தா முட்டாள் அல்ல. ஸ்பீக்கர், போன், குழந்தையின் விளையாட்டு எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்ப்பாள். பிறகு திரும்பியே வரமாட்டாள். ராதாவும் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட பிறகு, அவளாகத்தான் கேட்டாள். "ஏங்க, பிளேன்ல காது அடைக்கும். பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சி விடறீங்களா? நீங்க விட்டாத்தான் பதமா இருக்கும்."

இது எங்கள் வீடுகளில் எல்லாரும் செய்வது என்று அதிகாரியிடம் விளக்குங்கள். நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சுவார்கள். ஆறவிட்டு, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, பிறகுதான் காதில் விடுவார்கள். நான் ஆறவிடவில்லை. ராதாவைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பியிருந்தேன். வசந்தா என் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஷம்சியா ஓடி வந்து கதவைத் தட்டினாள். அவள் புருஷன்தான் கார் எடுத்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு இந்த அதிகாரியிடம் சொல்லியிருக்கிறார். இனி அவளுக்கு எதுவும் கேட்காதாம். நான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

நீங்கள் அரபியை நிறுத்திவிட்டு அழுகிறீர்கள். அழுங்கள், காத்திருக்கிறேன்.

இல்லை, நீங்கள் இப்போது என்னிடம் தணிந்த குரலில் கேட்டது அதிகாரிக்குப் புரிந்திருக்காது. "சார், கை தவறிட்டுன்னு சொல்லிருவமா? பொம்பளப் புள்ள ஒண்ணு இருக்குல்ல சார்" என்றீர்கள். நல்ல மனம் உங்களுக்கு. ஆனால் அப்படிச் சொல்ல முடியாது. முதலில் விட்டது வலது காதில். அவள் துடித்தாள். துடித்துக்கொண்டே என் கையைப் பிடித்து, "வேணும்னேவா செஞ்சீங்க? பதறாதீங்க" என்றாள். அத்தோடு விட்டிருக்கலாம். ஒரு காது மிச்சமிருந்தால் போதும், ஹெட்போனை அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு பாடியிருப்பாள்.

அவளைத் திருப்பிப் படுக்க வைக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. இடது காதருகே குனிந்து, ஒன்றுமில்லை, சரியாகிவிடும், நான் இருக்கிறேன் என்று சொன்னேன். பிறகுதான் ஊற்றினேன். உலகத்துக்கெல்லாம் பாடினாளே, அவள் கடைசியாகக் கேட்ட குரல் என்னுடையது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.