முந்தானையை முதலில் விரித்தவன்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் வாசகர் வட்டத் தலைவர் திருஞானசம்பந்தம் ஐயா அவர்களே, நூலகத்தைத் தம் வீடெனக் காக்கும் நூலகர் நசீம் பானு அம்மையார் அவர்களே, ஆன்றோரே, முன்வரிசையை முழுதாய்ப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, செவிலிமேட்டிலிருந்து பேருந்து பிடித்து வந்த நண்பர்களே, அனைவருக்கும் இந்த ஆதிகேசவனின் அன்பு கலந்த வணக்கம்.

பட்டுக்கடையில் முப்பது ஆண்டு புடவை விரித்தவன் நான். புடவையில் எதை முதலில் காட்டுவோம்? ஆம், அந்த அம்மா சரியாகச் சொன்னார்கள், முந்தானையை. முந்தானை பிடித்தால்தான் புடவை பிடிக்கும். அப்படிப் பழகிய கை, ஐம்பத்தாறு வயதில் முதன்முதலாக ஒரு பழைய துப்பறியும் நாவலை எடுத்தபோது என்ன செய்தது? கடைசி அத்தியாயத்தை விரித்தது. கொலை நடக்கும் முன்பே கொலையாளியைப் பிடித்துவிட்டேன்.

நசீம் பானு அம்மா தலையில் அடித்துக்கொண்டார். “இன்னா சார் இது, ருசியே போச்சே. முதல் தடவை படிக்கிறது ஒரே தடவைதான் சார்.”

அந்தச் சொல் சுட்டது. ஏன் சுட்டது? கண்ணில் புரை நீக்கி, படிக்கவே கூடாதென்று மருத்துவர் தடுத்திருந்த என் மனைவி சுகாசினிக்கு வாசித்துக் காட்டத்தான் அதை எடுத்தேன். எனக்குப் போனது போகட்டும், அவளுக்கும் போகலாமா?

மூன்று வாரம், மாலைதோறும், தெரிந்தவன் தெரியாதவனாக வாசித்தேன். சமையல்காரனைச் சந்தேகித்தாள், “இருக்கலாம்” என்றேன். மருமகளைச் சந்தேகித்தாள், “இருக்கலாம்” என்றேன். வியாபாரத்தில்கூட இவ்வளவு நடித்ததில்லை ஐயா. அங்கே பின்வரிசையில் சிரிப்பவர் எங்கள் முதலாளி, வந்திருப்பதை நான் கவனிக்கவில்லை.

கடைசிப் பக்கம் முடிந்தது. அவள் சிரித்தாள்.

“எனக்கு மூணாம் நாளே தெரிஞ்சிபோச்சுங்க. அந்த ஆளு பேரு வரச்சொல்லெல்லாம் நீங்க தொண்டையக் கனைச்சிக்கினு இருந்தீங்க.”

“அப்புறம் ஏன்மா சொல்லல?”

“அவ்ளோ பாடுபட்டு மறைச்சிக்கினு படிச்சீங்க. அதக் கேக்கவே நல்லா இருந்துது.”

அவையோரே, முதல் வாசிப்பு எனக்கும் போயிற்று, அவளுக்கும் போயிற்று. எங்களுக்கு நட்டமா? இல்லை. அவள் இன்பத்தை நான் காத்தேன், என் இன்பத்தை அவள் காத்தாள். இதைவிட ஒரு புத்தகம் ஒரு வீட்டுக்கு என்ன தர வேண்டும்? நெஞ்சு நிறைந்து நிற்கிறேன்.

கொலையாளி யாரென்று கேட்கிறீர்களா? முப்பது ஆண்டு முந்தானையை முதலில் காட்டியவன், இன்று காட்ட மாட்டேன். அந்த நாவலை மடிப்புக் கலையாமல் இதோ மேசையில் வைக்கிறேன். எடுப்பவர் முதல் பக்கத்திலிருந்து விரியுங்கள். இவ்வளவு நேரம் செவி தந்த உங்களுக்கு நன்றி சொல்லி, தொண்டையைக்கூடக் கனைக்காமல் விடைபெறுகிறேன். வணக்கம்.