தோள்பக்கம் சாயும் தலை

பேசுகிற முகத்தைவிடக் கேட்டுக்கொண்டிருக்கிற முகம்தான் கடினம், சார். வாயசைவை ஒலியோடு பொருத்திவிடலாம். கேட்பவன் எப்போது இமைக்கிறான், எப்போது ஒரு நொடி பார்வையை விலக்குகிறான் என்பதில்தான் உயிர் இருக்கிறது. திருப்பதியில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் ஆறு வருடம் இதைத்தான் செய்தேன்.

அண்ணன் துலுக்காணம் குவைத்தில் சாரம் சரிந்து இறந்துவிட்டதாக 2008 ஜூனில் எனக்குப் போன் வந்தது. அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வீட்டில் சொல்லவில்லை. அண்ணி துர்காதேவி ஞாயிறுதோறும் பிச்சாட்டூரிலிருந்து பஸ் ஏறி என் அறைக்கு வருவார். கம்ப்யூட்டரில் அண்ணனைப் பார்த்துப் பேசுவார். பழைய அழைப்புகளின் பதிவு என்னிடம் இருந்தது. அதை வைத்து அண்ணன் முகத்தைச் செய்தேன். குரல் மட்டும் சரியாக வரவில்லை.

"ரூம்ல ஷிப்ட் முடிச்சவங்க தூங்கினு கீறாங்களாம், பேசக் கூடாதாம். நீங்க பேசுங்க அண்ணி, அண்ணன் கேட்டுக்குவாரு," என்றேன்.

முதல் வாரம் அண்ணி சிரித்தார். "இன்னாய்யா, ஓணான் மாதிரி தலைய ஆட்டிக்கினு கீற? குவைத்துல கத்துக்கினியா?"

அண்ணி சொன்னது நியாயம். மென்பொருளோடு வந்த தலையசைப்பு வெளிநாட்டாருடையது; மேலும் கீழும் போகும். நம் ஆட்கள் சரி என்றால் தலை தோள்பக்கம் சாயும், கண் சற்றுத் தாழும். அதைச் செய்ய நான்கு நாள் ஆனது. கீபோர்டில் ஒரே விசையில் வைத்தேன். மறுப்பதற்கு அசைவு செய்யவில்லை. அண்ணன் அண்ணியிடம் எதையும் மறுத்ததில்லை.

அக்டோபரில் மார்பில் கட்டி என்று அண்ணி திரையைப் பார்த்துச் சொன்னார். "டாக்டரம்மா இந்த மாசமே எடுத்துடணும்ன்றாங்க. எனக்கு பயமா கீதுய்யா. நீ சங்கராந்திக்கு வந்தப்புறம் பண்ணிக்கட்டுமா?"

தொடர்பைத் துண்டித்திருக்கலாம். லைன் போய்விட்டது என்றால் நம்பியிருப்பார். ஆனால் அன்று இமைகள் அவ்வளவு இயல்பாக வந்திருந்தன. விசையை அழுத்தினேன். தலை சாய்ந்தது.

"அது போதும்யா," என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சங்கராந்தி வந்தது. அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். காத்திருக்கட்டுமா என்று அண்ணி மறுபடியும் கேட்டார். மறுபடியும் தலை சாய்ந்தது. மார்ச்சில் கட்டி ஈரலுக்குப் பரவியது. மே மாதம் அண்ணி இறந்தார். கடைசி ஞாயிறுவரை அந்த முகத்தில் ஒரு குறையும் சொல்லவில்லை.

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். ஆபரேஷன் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை, சார். அண்ணி அண்ணனைக் கேட்டார். அண்ணன் சரி என்றார்.