சத்தம் போடாத அத்திக்கிளி

அண்ணாந்து பாத்தா தெரியாது தம்பி. தொப்பிய எடுத்துப் பாருங்க. அத்திப்பழத் தோலு விழுந்திருக்கா? அப்போ மேல இருக்குதுங்க. தின்னும்போது சத்தமே போடாது அத்திக்கிளி. உங்க போர்ட் மோர்ஸ்பி பட்டணத்துல கூண்டுல வெச்சிருப்பாங்களே, அந்தக் கத்துற கிளி இல்ல இது. உள்ளங்கையில அடங்கிடும். கன்னத்துல மஞ்சத் தாடி வேற.

ஆமா, நாளைக்கு இந்த அத்திமரத்தை வெட்டப் போறீங்க. அதான் அடிமரத்துல சிவப்புப் பெயிண்ட் அடிச்சிருக்கீங்களே. என் பங்காளி கசரே சம்மதிச்சுட்டானா? அவன் மண்ணு ஆத்துக்கு அந்தப் பக்கம். இது என்னுது. உங்க மேப்பு வேற மாதிரி சொல்லுதா? அப்போ அந்த மேப்பை ஆத்துக்கிட்ட காட்டுங்க.

கிளிக்கு வேற மரம் இல்லையான்னா? ஏன் இல்லாம. மத்ததெல்லாம் மொட்டையா நிக்கிறப்போ காய்க்கிறது இது ஒண்ணுதான். மழை பொய்ச்ச வருஷம் நாங்களே இதோட கொழுந்தைத் தேங்காப் பால்ல வேகவெச்சுத்தான் உசிரு பொழைச்சோம்.

பாக்கு போடுங்க. சுண்ணாம்பைப் பாத்துத் தொடுங்க, நாக்கு வெந்துடும். டிரைவரா? வருவான், வருவான். உக்காருங்க.

நேத்து, பாலத்துக்கிட்ட ரோட்டுக்குக் குறுக்க கோர்கோர் இலை கட்டிடுவேன்னு சொன்னேன். சிரிச்சீங்க. இந்த முட்டிய வெச்சுக்கிட்டுப் பாலம் வரைக்கும் நடப்பீங்களா பெரியவரேன்னு கேட்டீங்க. நியாயமான கேள்விதான். நடக்க முடியாது. ஆனா மண்ணுக்குச் சொந்தக்காரன் அந்த இலையக் கட்டிட்டா, அவனா அவுக்கற வரைக்கும் எங்காளு ஒருத்தனும் அதைத் தாண்ட மாட்டான். புல்டோசர் ஓட்ட ஊருக்குள்ளயே ஆள் பிடிச்சீங்க பாருங்க. கூலி கம்மின்னு பாத்தீங்க. இந்த இலையப் பாக்கல.

போலீசா? கூப்பிடுங்க. அவங்களும் இந்த மடாங் மண்ணுல பொறந்த பிள்ளைங்கதான். இலையப் பாத்துட்டு அந்தப் பக்கமே நின்னுடுவாங்க.

மறந்தே போச்சு, இந்தாங்க வண்டிச் சாவி. நீங்களே ஓட்டிக்கிட்டுப் போங்க, வெளிய போறவங்கள இலை தடுக்காது. யாரு குடுத்தான்னா? உங்க டிரைவர் யாபுங்தான். என் மகன். சொல்லலையா அவன்? உங்ககிட்ட வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து நான்தான் அவன் முகத்துல முழிக்கறதில்ல. இன்னிக்குக் காலையில அவனா வந்தான். வாசல்ல நின்னுக்கிட்டே கேட்டான், அப்பா, அந்த இலைக்கு எப்படி முடிச்சுப் போடணும்னு.