இருநூற்றுப் பன்னிரண்டு மாற்றங்கள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷமாக நிற்கிற ஆள் முத்து முத்தாக எழுதுகிறாரே என்று பலர் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். கிறுக்குவது டாக்டர்கள். அதைப் படித்து, வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி மருந்து உறையின்மேல் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. ஆகவே நீங்கள் தாளை என் பக்கம் நகர்த்தி, "உங்க கையாலேயே எழுதிடுங்க" என்றபோது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வேறு யாராவது எழுதினால் ஒரு சொல்லையாவது மாற்றிவிடுவார்கள்.

தையல்காரரைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள். ஆனால் வாசகர் வட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. நூலகத்தின் மாடியறையில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் கூடுவோம். இருபத்தைந்து பேர். ஒரு நர்ஸ், பஸ் டிரைவர், கணக்கு வாத்தியார் என்று எல்லாத் தினுசும் உண்டு. ஒரே ஒரு நாவலுக்காக வருகிறவர்கள். அதைப் பெயர் சொல்லிக்கூட அழைப்பதில்லை, "ஐந்து பாகம்" என்போம். ஆட்களின் நினைவைக் கூலியாக வாங்கிக்கொண்டு அக்கரை சேர்க்கும் ஒரு படகுக்காரியின் கதை. ஓடாமல் நின்றுபோன ஆறு, அதன் அடியில் தூங்கும் அரசன், படகில் எப்போதும் கூட வரும் ஒற்றைக்கண் நாய். மூவாயிரம் பக்கம். சின்னப்பிள்ளைக் கதை என்று வெளியில் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மாடியறைக்கு ஒரு விதி உண்டு. நான் போட்டது. ஐந்தாம் பாகத்தின் முடிவை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வாரம் ஒரு புது ஆளாவது வருவார், அவர் பாதிப் புத்தகத்தில் இருப்பார், அவர் சுகத்தை நாம் கெடுக்கக் கூடாது. ஆகவே பதினோரு வருஷமாக அதை "அந்த இடம்" என்று மட்டுமே சொல்லிவந்தோம். "அந்த இடத்துல நான் அழுதுட்டேன் சார்" என்பார் நர்ஸ். "யாருதான் அழல" என்பேன் நான். அதற்குமேல் பேச மாட்டோம்.

உங்களிடம் சொல்லலாம், நீங்கள் வட்டத்தில் இல்லை. படகுக்காரி துடுப்பை ஆற்றிடம் கொடுத்துவிட்டுத் தானும் இறங்கி மூழ்கிவிடுகிறாள். நின்றுபோன ஆறு ஓடத் தொடங்குகிறது. அந்த வரியோடு புத்தகம் முடிகிறது. பழைய புத்தகக் கடையில் தேடி என் மனைவி எனக்கு வாங்கித் தந்த பிரதி அது. அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். முடித்தபோது அவள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாம் "அவங்க எங்கயும் போகல, உங்ககூடத்தான் இருக்காங்க" என்றார்கள். புத்தகம் மட்டும் என்னிடம் பொய் சொல்லவில்லை. போனவள் போனவள்தான், ஆனால் ஆறு ஓடும் என்றது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் மறுநாள் கடையைத் திறந்தேன்.

பிறகு படம் வந்தது. முதல் இரண்டு பாகங்களை மட்டும் எடுத்திருந்தார்கள். நான் நான்கு முறை பார்த்தேன், கையில் நோட்டோடு. புத்தகத்துக்கும் படத்துக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு வித்தியாசங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை வட்டத்தில் வாசித்தேன். முப்பதாவது வித்தியாசத்தில், ஒற்றைக்கண் நாய்க்குப் படத்தில் இரண்டு கண்ணும் இருப்பதைச் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து தையல்காரர் குரல் கொடுத்தார்.

"நாய்க்கு நல்லதுதானே சார்."

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் வட்டத்துக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது, அதற்குள் எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. படம் வெளியான அன்று எங்கள் எல்லாருக்கும் படகுக்காரியின் சாம்பல் நிற மேலங்கியைத் தைத்துக் கொடுத்தவர் அவர். என்னுடையது கச்சிதமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன்.

சிரிப்பு அடங்கியதும் அவர் எழுந்து நின்றார். "அளவுச் சட்டைன்னு ஒண்ணு குடுப்பாங்க சார். இதே மாதிரி தைச்சுக் குடுங்கன்னு. அதுல ஒரு கிழிசல் இருக்கும், ஒரு பட்டன் இருக்காது. அதையும் சேத்தா தைக்க முடியும்? போடறவர் உடம்பு இப்ப எப்படி இருக்குன்னு பாத்துத்தான் வெட்டணும். படமும் அப்படித்தான்."

கைதட்டினார்கள். நான் சொன்னேன், "எங்கிட்ட வர்ற சீட்டுல எழுதினதைத்தான் குடுப்பேன். உடம்பைப் பாத்து நானா மாத்திக் குடுத்தா ஆள் காலி." அதற்கு யாரும் கைதட்டவில்லை.

அன்றிலிருந்து எனக்கு அவர்மேல் ஒரு சந்தேகம். புத்தகத்தை உயிராக நினைக்கிறவன் அதைக் கிழிசல் சட்டை என்று சொல்வானா? ஆள் படிக்கவே இல்லையோ என்று தோன்றியது. சோதித்துப் பார்த்தேன். நாய்க்கு எந்தக் கண் இல்லை என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "இடது" என்று டக்கென்று சொன்னார். சரியான விடைதான். ஆனால் அவ்வளவு வேகமாகச் சொன்னதே எனக்கு உறுத்தியது, யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி. நூலகரிடம் இரவல் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். ஐந்தாம் பாகத்தை எடுத்த மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்திருக்கிறார். அறுநூறு சொச்சம் பக்கம். காலையிலிருந்து மிஷினில் உட்காருகிற ஆள் எப்போது படித்தார்? அவர் மனைவி ஒருமுறை இருமல் மருந்து வாங்க வந்தபோது, "அவருக்குப் படிச்சுக் காட்டியே என் தொண்டை போச்சுண்ணா. அவர் தைப்பார், நான் படிப்பேன்" என்றார். இருவரும் சேர்ந்து ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையாகவே இருந்தாலும், கேட்பது படிப்பதாகாது.

இந்த நேரத்தில்தான் படக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டாவது படத்தில் மீதிக் கதை முழுவதும் வருகிறது. திரைக்கதையை வாசித்துக் கருத்துச் சொல்ல வட்டத்திலிருந்து ஒருவர் மூன்று நாள் வர வேண்டும். யார் போகிறாரோ அவர் கையில்தான் "அந்த இடம்". எங்கள் இருவரைத் தவிர மற்றவர்கள் ஓட்டுப் போட்டார்கள். தையல்காரருக்குப் பதினான்கு, எனக்கு ஒன்பது. அவரால் போக முடியாவிட்டால் நான் போவது என்று நூலகர் எழுதி வைத்தார்.

கீழே இறங்கும்போது மாடிப்படியில் தையல்காரர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, விதியை மீறினார்.

"உங்க கவலை எனக்குத் தெரியும் சார். கடைசியில அவ ஈரத்தலையோட கரையேறி வர்ற இடம் இருக்குல்ல, அதுல மட்டும் கைவைக்க விடமாட்டேன். இருக்கறபடியே வரும். என்னை நம்புங்க."

மூழ்கியவள் கரையேறி வருகிறாளாம். சந்தேகம் தீர்ந்துவிட்டது. இந்த ஆள் ஐந்தாம் பாகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, எங்கோ கேட்ட கதையை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறார். அவர் போய் உட்கார்ந்தால் படகுக்காரி பிழைத்துவிடுவாள். லட்சக்கணக்கான பேர் அதையே முடிவு என்று நம்புவார்கள். என் மாதிரி எவனாவது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பான். அவனிடமும் பொய் சொல்வார்கள்.

"சரி, பாத்துக்கங்க" என்றேன்.

பதினோரு நாள் கழித்து அவர் மனைவி ஒரு மருந்துச்சீட்டைக் கொண்டுவந்தார். தையல்காரருக்கு விரல் முட்டிகளில் வீக்கம், கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. டாக்டர் ஊருக்குப் புதியவர், இளைஞர். எழுதியிருந்த மாத்திரை மூட்டுநோய்க்கு நல்ல மாத்திரைதான். வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிட வேண்டியது. சீட்டில் "தினமும் ஒன்று" என்று இருந்தது. அவசரத்தில் கை தவறியிருக்கும். தினமும் சாப்பிட்டால் அந்த மாத்திரை என்ன செய்யும் என்பது என் தொழிலில் முதல் வருஷமே சொல்லிக் கொடுக்கிற பாடம்.

போன் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

உறையின்மேல் எழுதினேன்: தினமும் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். அவர் மனைவி அதைப் படித்துவிட்டுத் தயங்கினார். "தினமுமாண்ணா? வாரத்துக்கு ஒண்ணுன்னு டாக்டர் வாயால சொன்ன மாதிரி இருந்துச்சே."

"சீட்டுல இருக்கறதுதாம்மா கணக்கு" என்றேன். "வாயால சொல்றது ஆளுக்கு ஒரு மாதிரி காதுல விழும்."

அவர் தலையாட்டினார். என்னை நம்பாமல் அந்தத் தெருவில் யாரும் இருந்ததில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை தையல்காரர் மாடியறைக்கு வந்தபோது வாயெல்லாம் புண். பேச முடியவில்லை, சைகை காட்டிச் சிரித்தார். ஜன்னலோரம் காற்று வரும் என்று என் நாற்காலியை அவருக்குக் கொடுத்தேன். மறுநாள் வாய்ப்புண்ணுக்குத் தடவ மருந்து கொடுத்தனுப்பினேன். நல்ல மருந்து அது, எரிச்சல் குறைந்ததாக அவர் மனைவி சொன்னார். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாரா என்று விசாரித்தேன். "ஒரு வேளைகூடத் தவறலண்ணா" என்றார். பத்தொன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். நாங்கள் எல்லாரும் அவர் தைத்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனோம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவருக்கு நல்ல கை.

அடுத்த மாதம் நான் படக் கம்பெனிக்குப் போனேன். மூன்றாம் நாள் கடைசிப் பக்கங்கள் வந்தன. நான் பயந்தபடியே, அவர்கள் திரைக்கதையிலும் படகுக்காரி ஈரத்தலையோடு கரையேறினாள். தையல்காரர் போகாமலேயே அவர் பொய் போய்ச் சேர்ந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். சிவப்புப் பேனாவால் எட்டுப் பக்கத்தையும் அடித்தேன். எழுதிய பெண் விழித்தாள். "ஆனா சார், புத்தகத்துல..." என்று இழுத்தாள். "புத்தகம் எனக்குத் தெரியும்மா" என்றேன். இயக்குநர் என் பட்டியலை முன்பே பார்த்திருந்தார், என்மேல் பெரிய மரியாதை. வாசகர்களே வேண்டாம் என்றால் எடுத்துவிடுவோம் என்றார். படகுக்காரி மூழ்கினாள், ஆறு ஓடியது. அன்று ரயிலில் நான் ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீங்கள் முதலில் அந்த இளம் டாக்டரைத்தான் சந்தேகப்பட்டீர்கள். என்னை ஸ்டேஷனுக்குச் சாட்சியாக அழைத்தீர்கள். சீட்டில் எழுதியிருந்ததைக் கொடுத்தேன் என்றேன், நீங்களும் குறித்துக்கொண்டீர்கள். பிறகு என் கடை மேஜைக்குள்ளிருந்து அந்தப் பச்சை நோட்டை எடுத்தீர்கள். டாக்டர்கள் தவறாக எழுதிய சீட்டுகளைப் பற்றி, யாருக்கு எத்தனை மணிக்குப் போன் செய்து திருத்தினேன் என்று நானே எழுதி வைத்த நோட்டு. நாற்பத்தொரு தடவை. அந்த மாத்திரைக்கு மட்டுமே மூன்று தடவை. "நாப்பத்தொரு தடவை கூப்பிட்டவர் இந்தத் தடவை ஏன் கூப்பிடல?" என்று கேட்டீர்கள்.

பதில் இதுதான். பார்த்தேன், தெரிந்தது, தெரிந்தேதான் கொடுத்தேன். அவர் சாக வேண்டும் என்றுதான் கொடுத்தேன். டாக்டரை விட்டுவிடுங்கள், தையல்காரர் மனைவியிடமும் இனி கேள்வி கேட்க வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் அப்படியே பதிவு செய்யுங்கள். எழுதியிருந்ததில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை.

இன்று காலை நீங்கள் நூலகத்திலிருந்து ஐந்தாம் பாகத்தை எடுத்துவந்து, என் பிரதிக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். என்னுடையது அறுநூற்று இருபத்துநான்காம் பக்கத்தில் முடிகிறது. அது அறுநூற்று நாற்பதில் முடிகிறது. புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாகத் தைப்பார்களாம், என் பிரதியில் கடைசித் தையல் விட்டுப்போயிருக்கிறது என்றீர்கள். வட்டத்தில் மீதி இருபத்துமூன்று பேரிடமும் கேட்டுவிட்டதாகவும், எல்லார் வீட்டிலும் அந்தப் பதினாறு பக்கம் இருப்பதாகவும் சொன்னீர்கள். தையல்காரர் சொன்னது போலவே அவள் ஈரத்தலையோடு கரையேறுகிறாள். நாய் ஓடிவந்து அவள் கையை நக்குகிறது.

நீங்கள் வெளியே போயிருந்தபோது அந்தப் பதினாறு பக்கத்தையும் பொறுமையாக, இரண்டு தடவை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் மூலத்தில் இல்லாதது. என் பட்டியலில் இருநூற்றுப் பதின்மூன்றாவதாகச் சேர்க்க வேண்டும், இன்னொரு தாள் கொடுங்கள்.