மஞ்சள் டேப்

— மூணு வழியிலயும் ஏஞ்சலினுக்குத்தான் வெரலு போவுது சுகிர்தா. எதத் தொட்டாலும் அவ அடிபடறான்னா இது இன்னா கேமு? ஆடறவனுக்குப் பேஜாராப் பூடும்.

— ஜெயிக்கறதுக்கா இந்த கேமு, துளசி? ஆளுங்களப் பத்துன கதை இது. அன்புராஜ் எடத்துல இருந்துக்கினு நீ இன்னா தேர்ந்தெடுக்கறியோ, அதுக்கேத்தாப்ல ஏஞ்சலின் அப்பால உங்கிட்டப் பேசறது மாறும். சிரிப்பா, கோச்சிக்குவா, மூஞ்சத் திருப்பிக்குவா.

— அதான் நானும் கேக்கறேன். எல்லாத்தையும் பக்கத்து மெஷின் அன்புராஜே முடிவு பண்றான். அடிபடறவ அவ. அவளுக்குன்னு ஒரு சாய்ஸாவது இருக்கா? நாலு சீன்ல ஒண்ணு கூட இல்ல.

— அவளுக்கு எதுக்கு? மெஷின்ல நிக்கறா, வேல பாக்கறா. அவ்ளோதான்.

— ஐய, கதாநாயகிய பொம்மையாட்டம் நிக்க வெச்சிட்ட.

— கம்ப்யூட்டர்ல கோடு அடிக்கறது நீ, கத எழுதறது நான். முன்னாடியே பேசுனதுதானே நைனா? வெள்ளிக்கிழம ஹாஸ்டல் பொண்ணுங்க ஆடிப் பாக்கப் போறாங்க. பதினாலு பேரு. அடுத்த வாரம் பிரஸ் ஷாப்ல சேரப் போறவங்க. வளவளன்னு பேசாம நாலாவது சீன ஒருவாட்டி சத்தமாப் படி.

— கேளு. "தகடு வெட்டும் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்கள். இரண்டு கைகளாலும் அமுக்கினால்தான் மேல் அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ஆனால் ஒரு பொத்தானை அமுக்கியபடியே டேப் ஒட்டிவிட்டால் ஒரு கை மிச்சம். ஷிப்டுக்கு இருநூறு பீஸ் கூடும்."

— புதுசா வர்ற பொண்ணுங்களுக்குப் புரியும்ல?

— பச்சப்புள்ளைக்குக் கூடப் புரியும். "ஏஞ்சலின் இன்று சீக்கிரம் கிளம்ப வேண்டும். தங்கை சாராளைப் பெண் பார்க்க வருகிறார்கள். டார்கெட் முடியாமல் விடமாட்டார்கள். இடது பொத்தானின் மேல் மஞ்சள் டேப்..." இரு, கறுப்புன்னு மாத்திக்கறேன்.

— எதுக்கு?

— டேப்பு கறுப்புதானே.

— உனக்கு எப்டித் தெரியும்?

— இல்ல, எலக்ட்ரிகல் டேப்புன்னா பொதுவா கறுப்பு...

— நான் அடிபட்டப்போ நீ ஸ்டோருக்குப் போயிருந்த. நீ வர்றதுக்குள்ள என்ன வேன்ல ஏத்திட்டாங்க. டேப்ப எவனோ பிச்சித் தூக்கிப் போட்டுட்டான். மூஞ்ச இந்தாண்ட காட்டு, துளசி.

— லேப்டாப்ப மூடு சுகிர்தா. இன்னிக்கி வேணாம்.

— மூட மாட்டேன்.

— நான்தான் ஒட்டுனேன்.

— எப்போ?

— ஷிப்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. நீ டிரெஸ் மாத்தப் போயிருந்த. உன் தங்கச்சியப் பாக்க மூணு மணிக்கு ஊட்டுக்கு வந்துடுவாங்க, இன்னா பண்ணுவேன்னு சிப்காட் பஸ்ல பொலம்பிக்கினே வந்தியே... உதவி பண்றதா நெனச்சேன். யாரு ஒட்டுனதுன்னு நீ கேப்ப, அப்போ சொல்லிச் சிரிச்சிக்கலாம்னு இருந்தேன்.

— அதான் வேலைய உட்டியா?

— அந்த மெஷின் சத்தம் கேட்டா எனக்குச் சோறு எறங்கல.

— அப்போ ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழம தவறாம பொன்னேரிலேர்ந்து ரயிலேறி கும்முடிபூண்டி வர்றது? யூடியூப் பாத்து கோடு கத்துக்கினது?

— உன் மூணு வெரலுக்கு நான் வேற இன்னா பண்ண முடியும்? நீ கேமு செய்யணும்னு ஆசப்பட்ட. என் கையக் குடுத்தேன்.

— நான் வேற இன்னாமோ நெனச்சிக்கினேன், போ.

— அதுவுந்தான். ஆனா இத மறைச்சிக்கினு அத எப்டிச் சொல்றது? அந்த சீன டெஸ்ட் பண்ணும்போதெல்லாம், எதனா ஒரு வழியில நீ தப்பிச்சிக்குவியான்னு பாப்பேன். அன்புராஜு இன்னா பண்ணாலும் உன் கைதான் போவுது. உனக்கு விஷயம் தெரிஞ்சி, அன்புராஜ என்ன வெச்சித்தான் எழுதிக்கிறியோன்னு கூட பயந்தேன்.

— அழாத. இந்தா, தண்ணி குடி மொதல்ல.

— திட்டிடு சுகிர்தா. ரெண்டு அற உடு. இப்டி தண்ணி குடுக்காத.

— அன்னிக்கி பத்து மணிக்கு சேஃப்டி ஆடிட்டுக்கு வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. அதுக்கு இன்னா இப்போ?

— ஏஞ்சலினுக்கு சாய்ஸு கேட்டியே, வெய்யி. நான் சொல்லச் சொல்ல அடி. "ஆடிட்டுக்காரர்கள் வருகிறார்கள். பொத்தானில் யாரோ ஒட்டிய கறுப்பு டேப்பை ஏஞ்சலின் பிய்த்துக் குப்பையில் போடுகிறாள். அவர்கள் போய்விட்டார்கள். மணி பதினொன்று. இன்னும் ஐந்நூறு பீஸ் பாக்கி."

— சுகிர்தா, இரு...

— "ஒன்று: இரண்டு கைகளாலும் அமுக்குகிறாள். இரண்டு..." நிறுத்தாத, அடி துளசி. இத எங்கம்மாகிட்ட கூட நான் சொன்னதில்ல. மஞ்சள்னு சரியாத்தான் எழுதிக்கிறேன். அது அப்பால நானே ஒட்டுனது.